18,000 ரூபாய்த் தட்டும் 40 ரூபாய்த் தட்டும்

கேள்வி: திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். பழைய பாடல்களை இசைத்தட்டில் கேட்கும் ஆசையில் ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1970களின் இறுதியில் வந்த ஓர் இளையராஜா படத்தின் எல்.பி.யை, அதாவது பெரிய இசைத்தட்டை, நெடுநாளாகத் தேடுகிறேன். சென்னையிலிருந்து இணையத்தில் விற்கும் ஒருவர், “முதல் அச்சு, சீல் பிரிக்காதது, மிக அரிது” என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார். உலகத்திலேயே மூன்று பேரிடம்தான் இருக்கிறது என்று டிஸ்காக்ஸ் தளத்தின் பக்கம் ஒன்றையும் படம் எடுத்து அனுப்பினார். இதே சமயத்தில், காலமான என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எழுபது எண்பது அரக்குத் தட்டுகள் (பழைய கிராமபோன் தட்டுகள்) கிடைத்தன. பார்க்க வந்த பழைய சாமான் வியாபாரி, “இதெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள்? தட்டுக்கு 40 ரூபாய் தருகிறேன்” என்கிறார். அந்த எல்.பி.யை வாங்கலாமா? பெட்டியைக் கொடுத்துவிடலாமா? எது அரிது, எது அரிதல்ல என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சுத்தம் செய்து விற்பதும், பிறர் வைத்திருப்பவற்றுக்கு மதிப்புச் சொல்வதும் என் தொழில். எல்.பி.க்கு 18,000 ரூபாய் கொடுக்காதீர்கள். பெட்டியையும் 40 ரூபாய்க் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு வந்த இரண்டு விலைகளுமே தட்டைப் பார்த்துச் சொன்ன விலைகளாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த 18,000 எங்கிருந்து வந்திருக்கும்? எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது இது. வெளிநாட்டில் யாரோ ஒருவர் ஒரு தமிழ்த் தட்டுக்கு 200 டாலர் என்று போட்டுவைக்கிறார். அது ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கிறது. இங்கே ஒருவர் அதைப் பார்த்து, டாலரை ரூபாயாக்கித் தன் தட்டுக்கும் அதே விலையைப் போடுகிறார். மூன்றாமவர் இந்த இரண்டையும் பார்த்து, சந்தை விலையே இதுதான் என்கிறார். இதுவரை ஒருவரும் காசை எண்ணிக் கொடுக்கவில்லை. ஆனாலும் விலை என்று ஒன்று நிலைத்துவிட்டது. விற்கிறவர் கேட்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஒருவர் கொடுத்து வாங்கிக்கொண்டு போனதுதான் விலை. இபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். டிஸ்காக்ஸில் ஒவ்வோர் அச்சுக்கும் கடைசியாக விற்ற நாள், மிகக் குறைந்த விலை, இடைநிலை விலை, மிக அதிக விலை எல்லாம் இருக்கும். விற்பவர் அந்தப் பகுதியையும் அனுப்பினாரா? பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

உலகத்திலேயே மூன்று பேர் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். டிஸ்காக்ஸ் 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய தளம். அதன் பட்டியல் பயன்படுத்துகிறவர்களே ஏற்றியது. வைத்திருப்போர் மூன்று பேர் என்றால், அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கித் தன்னிடம் இருப்பதைப் பதிவு செய்தவர்கள் மூன்று பேர். காரைக்குடி வீட்டின் மாடி அலமாரியில் இருப்பதும், தேனியில் ஒரு மைக் செட்காரரின் தகரப் பெட்டியில் இருப்பதும் அங்கே ஏறாது. ஆங்கில ராக் இசைத்தட்டுகளை உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் பதிவு செய்து வைத்திருப்பதால், அவற்றுக்கு இந்த எண்ணிக்கை ஓரளவு வழிகாட்டும். தமிழ்த் தட்டுகளுக்கு அது எதையும் காட்டாது. இங்கே சேகரிப்போரில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஒரு தட்டு அரிதா என்று தெரிய, அது எப்படி அச்சானது, எங்கே போனது, எத்தனை பிழைத்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் எல்.பி. வந்த காலத்தில் ஹெச்.எம்.வி., ஓடியன், ஏஞ்சல் என்று லேபிள்கள் பல இருந்தாலும், அவை எல்லாவற்றையும் வெளியிட்டது இந்திய கிராமபோன் கம்பெனி ஒன்றுதான். அதன் ஆலை கல்கத்தாவின் டம்டமில் இருந்தது. படம் ஓடினால், பாட்டு பிடித்துப்போனால், கடைகளிலிருந்து ஆர்டர் வர வர மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள். கேட்டலாக் எண் மாறாது. ஆகவே வெற்றி பெற்ற ஒரு படத்தின் இசைத்தட்டு எண்ணிக்கையில் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் நெடுநாளாகத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கே தேடினீர்கள் என்பது முக்கியம். இணையத்தில் மட்டும் என்றால், அங்கே இருப்பது மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான்.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தட்டுகள் வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சினிமா இசைத்தட்டுகளைப் பெருமளவில் வாங்கியவர்களில் ஒலிபெருக்கி நிலையக்காரர்கள் முக்கியமானவர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் நான்கு பாட்டுக் கொண்ட ஏழு அங்குல இ.பி.தான் அவர்களுடைய சாமான். எல்.பி.யையும் வாங்கினார்கள். கல்யாணம், சடங்கு, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் கொடை என்று விடிய விடிய ஓடும். புழுதியில், பந்தலின் வெயிலில், எடை மிகுந்த ஊசிக்கு அடியில் அவை ஓடின. உறையிலும் லேபிளிலும் ஊதா மையில் அந்த நிலையத்தின் முத்திரை இருக்கும். சிலர் எண்ணெய்ச் சாயத்தால் பெயரே எழுதிவைத்திருப்பார்கள். இந்த முத்திரைகள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஓர் ஊரின் திருவிழாக் கணக்கு அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டைப் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் முதலில் வரும்.

அதனால் தமிழ்ச் சினிமாத் தட்டுகளில், தட்டே கிடைக்காததால் அரிதானவை கொஞ்சம், நல்ல நிலைமையில் கிடைக்காததால் அரிதானவை நிறைய. கேட்கத் தகுந்த சுத்தமான ஒரு பிரதி கிடைப்பது உண்மையிலேயே கடினம். அதற்குக் கூடுதல் விலை கேட்பதிலும் தவறில்லை. தேடி அலைந்து, பத்துத் தட்டு வாங்கி இரண்டைத் தேர்ந்து, கழுவி, ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிற வியாபாரிக்கு லாபம் இருக்கத்தான் வேண்டும். நான் வாழ்வதும் அந்த லாபத்தில்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலையை அவர் தட்டின் நிலைமையை நிரூபித்துக் கேட்க வேண்டும். அரிது என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கேட்கக் கூடாது.

நிரூபிக்கச் சொல்லும்போது என்ன கேட்பது? கண்ணால் பார்த்துச் சொல்லும் தரத்தை நம்பாதீர்கள். அந்தக் காலத்து வீட்டு பிளேயர்கள், நாம் எல்லோரும் அறிந்த ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா போன்றவை, இன்றைய நல்ல பிளேயர்களைவிடப் பல மடங்கு எடையோடு ஊசியைத் தட்டில் அழுத்தின. தட்டு பளபளவென்று இருக்கும், ஒரு கீறலும் தெரியாது, ஆனால் ஊசி ஓடும் வரிகள் உள்ளே தேய்ந்திருக்கும். இந்தத் தேய்மானம் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் முதலில் வெளிப்படும். லேபிளை நெருங்க நெருங்க வட்டம் சுருங்குவதால், அதே அளவு ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருக்கிப் பதிவாகியிருக்கிறது. அங்கே பாடகியின் குரல் மேலே போகும்போது கரகரப்பும், சகர ஒலிகளில் துப்புவது போன்ற சத்தமும் கேட்டால் தட்டு தேய்ந்தது. ஆகவே கடைசிப் பாட்டை ஓடவிட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பாட்டை மட்டும் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கூடவே, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கங்களையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

சீல் பிரிக்காத தட்டை எப்படி ஓட்டிக் காட்டுவது என்று அவர் கேட்பார். அந்தச் சீல்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. அமெரிக்க எல்.பி.கள் இறுக்கமான பிளாஸ்டிக் உறை போட்டுக் கடைக்கு வரும். நம் ஊரில் அந்தக் காலத்து எல்.பி.கள் பெரும்பாலும் அப்படி வந்ததில்லை. அட்டை உறைக்குள் தட்டு இருக்கும், வாங்குகிறவர் கடையிலேயே போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குவார். சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக்கைப் போடும் இயந்திரம் இன்று எளிதாகக் கிடைக்கிறது. மூடிய கடைகளின் கிட்டங்கியிலிருந்து ஊசியே படாத தட்டுகள் கட்டுக் கட்டாக வெளியே வருவது உண்மைதான், நானும் வாங்கியிருக்கிறேன். அவை பழைய காகித மணத்தோடும், ஓரத்தில் பழுப்பு ஏறிய உறையோடும் வரும். பளபளக்கும் புதுப் பிளாஸ்டிக்கோடு வராது. அப்படியே அது உண்மையான சீலாக இருந்தாலும், நாற்பது கோடைகளைக் கடந்த தட்டு உள்ளே வளைந்திருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பிரிக்காமல் தெரியாது. நீங்கள் கேட்பதற்காக வாங்குகிறீர்கள். பிரிக்காத தட்டு உங்களுக்கு எதற்கு?

முதல் அச்சு என்பதற்கு அவர் என்ன ஆதாரம் கொடுத்தார்? லேபிளில் பி என்ற எழுத்தை வட்டத்துக்குள் போட்டு, பக்கத்தில் ஆண்டு இருந்தால் அது ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. அந்தக் குறிப்பிட்ட தட்டு அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. 1978 என்று போட்டிருக்கும் தட்டு பல ஆண்டுகள் கழித்து அச்சானதாகவும் இருக்கலாம். அச்சின் காலத்தை லேபிளின் நிறமும் வடிவமும், நிறுவனப் பெயர் அச்சிட்ட விதமும், உறையின் அட்டைத் தரமும், பாட்டு முடிந்தபின் வரும் வழுவழுப்பான வளையத்தில் பொறித்த எண்ணும் சேர்ந்துதான் சொல்லும். பீட்டில்ஸின் பிரிட்டிஷ் அச்சுகளுக்கு இந்த எண்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். தமிழ்த் தட்டுகளுக்கு அந்த அளவு முழுமையான பட்டியலை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆகவே ஒரு வரியில் முதல் அச்சு என்று உறுதியாகச் சொல்பவர், தன்னிடம் இல்லாத அறிவுக்கு உங்களிடம் காசு கேட்கிறார்.

அப்படியானால் எதுதான் அரிது? அமெரிக்காவில் ஒரு உதாரணம் உண்டு. மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1965இல் ஃபிராங்க் வில்சன் என்ற பாடகரின் 45 சுற்றுத் தட்டு (நிமிடத்துக்கு 45 முறை சுற்றுவது) ஒன்றை விளம்பரப் பிரதிகளாக அச்சிட்டது. பிறகு வெளியிடுவதைக் கைவிட்டுப் பிரதிகளை அழித்துவிட்டது. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இங்கிலாந்தின் வடபகுதி நடன அரங்குகளில் அந்தப் பாட்டுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உருவாகியது. 2009இல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. தட்டு கடைக்கே போகவில்லை, ஆனால் அதைக் கேட்க ஆள் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் பெரிய விலைக்கு நியாயம் வருகிறது.

நம் நாட்டிலும் உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் மின்னணுக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. கொடுத்தார். அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஹாலந்துக்காரர் ஒருவர் டெல்லியில் அதைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்புப் போட்டார். அதன் பிறகு உலகமே அதைத் தேடியது. விற்காமல் போனதால்தான் மூலப்பிரதிகள் அவ்வளவு குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் எல்.பி.யைப் பாருங்கள். ஊரெல்லாம் கேட்ட பாட்டு, ஊரெல்லாம் வாங்கிய தட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. வெளிவந்தது 1963இல். அதையும் அரிய பொருள் என்று எழுதி விற்பதைப் பார்க்கிறேன். தென்னிந்தியாவில் அது இல்லாத இசைத்தட்டுப் பெட்டியைக் காண்பதுதான் அரிது.

இளையராஜா தட்டுகளுக்கு வெளிநாட்டில் தேவை கூடியிருப்பது உண்மை. பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு 2003இல் அவருடைய பாட்டு ஒன்றின் பகுதியை எடுத்துப் பயன்படுத்தியது. பிரிட்டனில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் அவருடைய பழைய மின்னணு இசைப் பாடல்களைத் தொகுத்து எல்.பி. வெளியிட்டது. டிஸ்கோ, சிந்தசைசர், வித்தியாசமான தாளம் உள்ள சில பாடல்களுக்காக அங்கே டி.ஜே.க்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தேவை குறிப்பிட்ட சில தட்டுகளுக்குத்தான். அவற்றின் விலையைக் காட்டி, ஒரு மெல்லிசைப் படத்தின் எல்.பி.க்கும் அதையே கேட்பது நியாயமில்லை.

வயதை வைத்து அரிதை அளக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1980களில் கேசட் வந்து இசைத்தட்டை ஓரங்கட்டியது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த படங்களுக்கு லட்சக்கணக்கில் கேசட் விற்றது, எல்.பி. பேருக்குக் கொஞ்சம் அச்சானது. அதனால் 1990இல் வந்த ஒரு தமிழ்ப்பட எல்.பி. 1965இல் வந்ததைவிடக் கிடைப்பதற்குக் கடினமாக இருக்கலாம். இன்று புதிதாக நிற வினைலில் (தட்டு செய்யும் பிளாஸ்டிக்கில்) அச்சிட்டு, எண் போட்டு, குறைந்த பிரதிகள் என்று விற்பவை வேறு வகை. இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாட 2008இல் தொடங்கிய ரெக்கார்டு ஸ்டோர் டே நாளுக்கென்றே இப்படி உலகம் முழுவதும் தட்டுகள் வருகின்றன. பிடித்த இசையாக இருந்தால் வாங்குங்கள். வாங்கியவர்கள் எல்லோருமே பத்திரமாக வைத்திருப்பதால் பின்னாளில் அவை அரிதாவது கடினம்.

இனி தாத்தாவின் பெட்டி. உங்கள் கடிதத்தில் என் மனம் போய் நின்ற இடம் அதுதான்.

78 சுற்று அரக்குத் தட்டுகளிலும் பெயர் பெற்றவை எண்ணிக்கையில் அதிகம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் படப்பாட்டுகள், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போன்றவை வீட்டுக்கு வீடு விற்றவை. அவை இருந்தால் மகிழ்ந்து கேளுங்கள், பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம். நான் பெட்டியைத் திறந்ததும் தேடுவது, பெயரைப் படித்தால் யாரென்று தெரியாத தட்டுகளை. ஒரு நாடக நடிகை, ஏதோ ஓர் ஊர்ப் பெயரைத் தாங்கிய பாடகி, ஒரு கோயில் நாகசுரக்காரர், நகைச்சுவை உரையாடல் பேசிய இரண்டு பேர், காந்தியைப் பற்றியோ கதரைப் பற்றியோ ஒரு பாட்டு. இவற்றை யாரும் மறுபதிப்புச் செய்யவில்லை, வானொலியும் திரும்ப ஒலிபரப்பவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது அந்தக் குரலின் கடைசிச் சாட்சியாகக்கூட இருக்கலாம். சந்தையில் இவற்றைக் கேட்க ஆள் இல்லாததால் 40 ரூபாய்க்குப் போகின்றன. பிறகு பழைய சாமான் வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போகும்போது பாதி உடைந்துவிடும். அரிது என்ற சொல் உண்மையில் பொருந்துவது இங்கேதான். 18,000 ரூபாய் கேட்பதைவிட இந்த 40 ரூபாய்தான் எனக்கு அதிக வேதனை தருகிறது.

காலத்தைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் சொல்கிறேன். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஃபிரெட் கைஸ்பர்க் என்ற நிபுணர் வந்து பாடகி கௌஹர் ஜான் முதலானோரைப் பதிவு செய்தார். மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் போய்த் தட்டாகித் திரும்பின. எந்தப் பதிவு யாருடையது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிவதற்காகப் பாடி முடித்ததும் பாடகர் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்த பிறகு இங்கேயே அச்சானது. ஆகவே லேபிளில் ஹனோவர் என்று இருந்தாலோ, ஹெச்.எம்.வி.யின் நாய்க்குப் பதிலாக இறகு பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருக்கும் தேவதைப் படம் இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வரிகள் இருந்து மறுபக்கம் வெறுமையாக இருந்தாலோ, அதைத் தனியே எடுத்து வையுங்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற அந்தத் தலைமுறைப் பாடகிகளின் தட்டு ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அது பெரிய விஷயம். 1938இல் மறைந்த வீணை தனம்மாள் முதுமையில்தான் இசைத்தட்டுக்கு வாசித்தார். அவருடைய தட்டுகள் மிகச் சில. பெட்டியில் அந்தப் பெயரைக் கண்டால் உடனே எனக்கு எழுதுங்கள்.

நாடகங்களை ஐந்து ஆறு தட்டுகள் கொண்ட செட்டாக வெளியிட்டார்கள். தனித்தட்டு நிறையக் கிடைக்கும், ஒன்றும் குறையாத முழு செட் கிடைப்பது அபூர்வம். வரிசை எண்களைப் பார்த்து ஒன்றுசேருங்கள். தாத்தா ஆங்கிலப் பாட்டு கேட்கிறவராக இருந்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மேல்நாடுகள் 78 சுற்றுத் தட்டைக் கைவிட்ட பிறகும் 1960களின் நடுப்பகுதியில் இந்தியாவில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78இல் வந்தன. அவற்றுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரும் தொகை கொடுக்கிறார்கள், அந்த விலைக்குக் காரணமும் இருக்கிறது.

பெட்டியைத் தொடும்போது கவனம் வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும், ஒரு முறை துடைத்தால் தட்டு போயிற்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த துப்புரவுத் திரவம் உங்கள் எல்.பி.க்கு ஆகலாம், இதற்கு ஆகாது. இப்போதைக்கு மெல்லிய, உலர்ந்த தூரிகையால் வரிகளின் போக்கிலேயே தூசியைத் தட்டினால் போதும். உங்கள் புதிய பிளேயரில் 78 என்ற வேகம் இருந்தாலும், எல்.பி. ஊசியை வைத்து ஓட்ட வேண்டாம். அரக்குத் தட்டின் வரி எல்.பி. வரியைவிட மிக அகலம், அதற்குத் தனி ஊசி உண்டு. தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தாலும், அதில் கிடக்கும் பழைய இரும்பு ஊசியோடு ஓட்ட வேண்டாம். அந்த ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டியதால் அழிந்த தட்டுகள் கணக்கில் அடங்காது.

பட்டியல் போடுங்கள். தட்டுக்கு ஒரு வரி போதும்: லேபிளின் பெயர், எண், பாடியவர், இரு பக்கத்துப் பாட்டின் முதல் சொற்கள், ராகம் எழுதியிருந்தால் அது, ஓரம் உடைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா. பாடியவரின் பெயரை லேபிளில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே எழுதுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம். அந்தப் பழைய எழுத்துக்கூட்டும் அடையாளம்தான். விரிசல் விட்டது என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேறு பிரதியே இல்லாத பாட்டானால், விரிசல் விட்ட தட்டிலிருந்தும் ஒலியை மீட்டெடுக்க முடியும். பட்டியல் கையில் இருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம், அங்கே இசைத்தட்டுத் தொகுப்பு உண்டு. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. பழைய தட்டுகளைப் பற்றி அதன் இதழ்களில் வந்த கட்டுரைகளை உங்களைப் போன்ற ஆசிரியர் படித்தால் மிகவும் ரசிப்பார். விற்பதா, நூலகத்துக்குக் கொடுப்பதா, நீங்களே வைத்துக்கொள்வதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். விற்பதென்று முடிவு செய்தால் மொத்தமாக ஒரு விலைக்குத் தராதீர்கள். தனியே எடுத்துவைத்தவற்றைத் தனியே பேசுங்கள்.

எல்.பி. விஷயத்தில், அந்த விற்பனையாளரோடு சண்டை போட வேண்டாம். கடைசிப் பாட்டின் வீடியோவையும், விற்று முடிந்த விலைகளின் பக்கத்தையும் கேளுங்கள். கொடுத்தால், அந்த விலைகளில் இடைநிலை எதுவோ, அதற்கு மேல் நல்ல நிலைமைக்காகக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இன்று வாங்காவிட்டால் இனிமேல் கிடைக்காது என்ற பயத்தில்தான் இந்த வியாபாரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முக்கியமாக, இப்போதுதான் பிளேயர் வாங்கிய இளைஞர்கள். முதல் தட்டிலேயே அவர்கள் கை சுட்டுக்கொண்டால் பிறகு இந்தப் பக்கம் வருவதே இல்லை. இந்த இசையைத் தட்டில் கேட்கிறவர்கள் குறைந்துபோனால், பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் ஆள் இருக்காது. மதுரையிலும் நாகர்கோவிலிலும் பழைய ஒலிபெருக்கி நிலையக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அதே படத்தின் இ.பி. கிடைத்தால் அதை வாங்குங்கள். நான்கு பாட்டுதான் இருக்கும், ஆனால் 45 சுற்றில் ஓடுவதால், நல்ல பிரதி என்றால் ஒலி எல்.பி.யைவிடத் திறந்து கேட்கும்.

பட்டியலையும், சந்தேகம் உள்ள தட்டுகளின் லேபிள் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் வேண்டாம். தட்டுகளை மட்டும் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். நேரில் கொண்டுவருவதாக இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளிகளில் துணி திணித்து, ரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒரு மணி நேரம்கூட வைக்க வேண்டாம்.